விளக்கு எரிகிறது, கார் ஏன் கிளம்பவில்லை?



காலை மணி 6.45. பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்பா சாவியைத் திருப்புகிறார். இன்ஜின் உறுமவில்லை. முன்பக்கம் எங்கிருந்தோ 'டிக் டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. அப்பா கூரை விளக்கைப் போட்டுப் பார்க்கிறார், எரிகிறது. "பேட்டரியில கரண்டு இருக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போயிருக்கும்" என்கிறார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர், "ஃபியூஸைப் பாருங்கண்ணே" என்கிறார். எதிர்வீட்டு மாமா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: "பேட்டரி கோங்!"

மூன்று பேர், மூன்று பதில். பட்டறைக்குப் போனால் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு விலை இருக்கிறது. புதிய ஸ்டார்ட்டர் மோட்டாரை மாட்டிய பிறகும் அதே 'டிக் டிக்' கேட்டால் அந்தப் பணம் வீண். ஆனால் இங்கே ஊகமே தேவையில்லை. இரண்டாம் படிவ அறிவியலில் நீங்கள் படித்த ஓம் விதியை வைத்துக்கொண்டே, யார் சொன்னது சரி என்று கண்டுபிடித்துவிடலாம். பள்ளியில் மலாயில் வோல்தான், ஆருஸ், ரிந்தாங்கான் என்று படிப்பவற்றை இங்கே மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்று எழுதுகிறேன். பொருள் ஒன்றுதான்.

கார் கிளம்பாமல் அடம்பிடிப்பதையும் ஃபியூஸ் எரிந்துபோவதையும் இந்தப் பாடத்தில் சேர்த்தே பார்க்கப் போகிறோம். ஒன்றில், வேண்டிய மின்னோட்டம் போய்ச் சேரவில்லை. மற்றதில், வேண்டியதைவிட அதிகமாக ஓடிவிட்டது. இரண்டையும் கண்டுபிடிக்கும் கணக்கு ஒன்றே.

0.4 ஆம்பியரும் 150 ஆம்பியரும்

முதலில் அப்பாவின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கு எரிகிறது, ஆகவே பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இத்தனை பேர் இதை நம்புகிறார்கள்.

கூரை விளக்கு 5 வாட் மின்குமிழ் என்று வைத்துக்கொள்வோம். கார் பேட்டரியின் மின்னழுத்தம் ஏறக்குறைய 12 வோல்ட். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் 5 ÷ 12, அதாவது சுமார் 0.4 ஆம்பியர். இப்போது ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பாருங்கள். ஓய்ந்து கிடக்கும் இன்ஜினை அதுதான் சுழற்றியாக வேண்டும். உள்ளே பிஸ்டன்கள் காற்றை அழுத்தவும் வேண்டும். நம் சாலைகளில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களிலேயே இந்த வேலைக்கு 100 முதல் 200 ஆம்பியர் வரை தேவைப்படும். 150 என்று எடுத்துக்கொண்டால், கூரை விளக்கைப்போல 375 மடங்கு! ஒரு துளி தண்ணீர் சொட்டுகிறது என்பதற்காக, அந்தக் குழாயால் ஒரு வாளியை ஐந்து விநாடியில் நிரப்ப முடியும் என்று சொல்லலாமா?

எல்லா பேட்டரிக்கும் உள்ளேயே ஒரு மின்தடை உண்டு. இதை அகமின்தடை என்கிறோம். ஐந்தாம் படிவ இயற்பியல் மாணவர்களுக்கு இது தேர்வில் வரும் பாடம். மற்றவர்கள், பேட்டரிக்குள் ஒரு சிறிய மின்தடை ஒளிந்திருக்கிறது என்று புரிந்துகொண்டால் போதும். புதிய கார் பேட்டரியில் அது 0.01 ஓம் அளவுக்கு இருக்கும். ஓம் விதிப்படி 150 ஆம்பியர் ஓடும்போது உள்ளேயே இழக்கும் மின்னழுத்தம் 150 × 0.01, அதாவது 1.5 வோல்ட். 12.6 வோல்ட்டில் 1.5 போனால் 11.1 வோல்ட் மிஞ்சும். இன்ஜின் துள்ளி எழும்.

அதே பேட்டரிக்கு வயதாகி அகமின்தடை 0.05 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூரை விளக்குக்கு இழப்பு எவ்வளவு? 0.4 × 0.05. வெறும் 0.02 வோல்ட். விளக்கின் பிரகாசத்தில் இந்த வேறுபாட்டை எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் கேட்டால் இழப்பு 7.5 வோல்ட். மோட்டாருக்கு மிஞ்சுவது 5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. உண்மையில் 150 ஆம்பியர் ஓடுவதற்கு முன்பே மின்னழுத்தம் சரிந்து மோட்டார் திணறிவிடும். எப்படியும் இன்ஜின் சுழலாது.

ஆக, அப்பா பார்த்தது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. பேட்டரியில் மின்னழுத்தம் இருக்கிறது என்பதை மட்டுமே விளக்கு சொன்னது. அதிக மின்னோட்டம் தரும் தெம்பு இருக்கிறதா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை.

'டிக் டிக்' என்பது ஒரு மின்மணி

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் திருப்பும் சாவி 150 ஆம்பியரை நேரடியாகத் தாங்காது. அதனால் சாவி வழியாகக் குறைந்த மின்னோட்டம் போய் ஸ்டார்ட்டர் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு மின்காந்தத்தை இயக்குகிறது. அதற்குப் பெயர் சொலினாய்டு. அந்த மின்காந்தம் ஓர் இரும்புத் தண்டை இழுக்கும். தண்டு போய் இரண்டு தடித்த செப்புத் துண்டுகளை இணைக்கும். அப்போதுதான் பெரிய மின்னோட்டம் மோட்டாருக்குள் பாயும்.

பேட்டரி பலவீனமாக இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். தண்டு இழுபட்டு இணைப்பு உண்டாகிறது: டிக். உடனே பெரிய மின்னோட்டம் ஓடப் பார்க்கிறது, மின்னழுத்தம் சரிகிறது. மின்காந்தம் பலமிழக்கிறது. சுருள்வில் தண்டைப் பின்னால் தள்ளிவிடுகிறது. இணைப்பு அறுந்ததும் மின்னழுத்தம் மீண்டும் ஏறுகிறது. மின்காந்தம் மறுபடி தண்டை இழுக்கிறது: டிக். நீங்கள் சாவியை விடும்வரை இந்த இழுபறி தொடரும். பள்ளி அறிவியல் கூடத்தில் மின்மணி பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம்தான். மின்மணியில் இது வேண்டுமென்றே செய்யப்பட்டது. காரில் அது நோயின் அறிகுறி.

இப்போது எதிர்வீட்டு மாமாவின் தீர்ப்புக்கு வலு கூடுகிறது. வேகமான 'டிக் டிக்' கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியை, அல்லது அதன் முனைகளில் உள்ள இணைப்பை. மோட்டாரை அல்ல.

கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். கூரை விளக்கைப் போட்டுவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். விளக்கு பெரிதும் மங்கினாலோ அணைந்தேபோனாலோ, யாரோ பெரிய மின்னோட்டம் கேட்கிறார்கள், பேட்டரியால் கொடுக்க முடியவில்லை. மாறாக, விளக்கு கொஞ்சமும் மங்காமல் நின்று, இன்ஜினும் சுழலாவிட்டால், பெரிய மின்னோட்டம் ஓடவே இல்லை என்று பொருள். சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. அப்போது 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்டால் சொலினாய்டின் செப்புத் துண்டுகள் கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், இன்ஜினைப் பேட்டரியோடு இணைக்கும் எர்த் கம்பி துருப்பிடித்திருக்கலாம். ஒரு சத்தமும் இல்லாவிட்டால், பயப்படுவதற்கு முன் கியரைப் பாருங்கள். தானியங்கிக் கார்கள் 'பி' அல்லது 'என்' நிலையில் இருந்தால்தான் கிளம்பும். இது கோளாறே அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. பட்டறைக்குப் போன் போட்ட பிறகு கியர் 'டி'யில் இருந்ததைக் கண்டுபிடிக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு.

இன்னொரு வகையும் இருக்கிறது. இன்ஜின் நன்றாகவே சுழல்கிறது, ஆனால் தீப்பிடித்து ஓடவில்லை. அப்படியானால் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மறந்துவிடுங்கள். இரண்டும் தம் வேலையைச் செய்துவிட்டன. பெட்ரோல் வரவில்லையா, தீப்பொறி வரவில்லையா என்றுதான் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது, ஸ்டார்ட் ஆவதற்கு முந்திய நிலையில் நிறுத்துங்கள். பல கார்களில் பின் இருக்கைக்கு அடியிலிருந்து 'ங்ங்ங்' என்று ஓரிரு விநாடி மெல்லிய சத்தம் வரும். அது பெட்ரோல் பம்ப். அந்தச் சத்தம் வராவிட்டால் பம்புக்கான ஃபியூஸ் எரிந்திருக்கக்கூடும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது இந்த இடத்தில்தான் பொருந்தும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பியில் பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் இருப்பதில்லை. சாவியிலிருந்து போகும் மெல்லிய கம்பிக்குத்தான் இருக்கும்.

வெள்ளைப் பொடியின் கணக்கு

பானெட்டைத் திறந்து பேட்டரியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? அமில ஆவி உலோகத்தோடு வினைபுரிந்து உண்டான சல்பேட் உப்புகள் அவை. அவை மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அந்தப் பொடி முனைக்கும் கம்பிக்கும் நடுவே 0.05 ஓம் மின்தடையைச் சேர்த்துவிட்டால் போதும்; மேலே நாம் போட்ட அதே 7.5 வோல்ட் கணக்கு அப்படியே திரும்ப வரும். பேட்டரி புத்தம் புதியதாக இருந்தாலும் கார் கிளம்பாது!

இதனால்தான் பல்மானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வது வழக்கம். மல்டிமீட்டர் என்று கேட்டால் வன்பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதன் சிவப்பு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள். கருப்பு முனையை அந்தக் கம்பத்தைப் பிடித்திருக்கும் கவ்வியில் வையுங்கள். அதாவது ஒரே இணைப்பின் இரு பக்கங்களில். சும்மா இருக்கும்போது 0 காட்டும். பெரியவர் ஒருவர் சாவியைத் திருப்பும்போது பாருங்கள். நல்ல இணைப்பில் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் போகாது. 3 வோல்ட் காட்டினால், மோட்டாருக்குப் போயிருக்க வேண்டிய 3 வோல்ட்டை அந்தப் பொடி தின்றுகொண்டிருக்கிறது. சமையல் சோடாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தேய்த்தால் அமிலம் நடுநிலையாகும். உலர்த்தி இறுக்கினால் கார் கிளம்பும். செலவு ஐம்பது சென் இருக்குமா?

ஓய்வில் இருக்கும் பேட்டரியையும் அளக்கலாம். உள்ளே ஆறு மின்கலன்கள் தொடர் இணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். அதனால்தான் முழுமையாக மின்னேற்றிய பேட்டரி சில மணி நேரம் ஓய்ந்தபின் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி காலி. 12.0-க்குக் கீழே போனால் நிலைமை மோசம். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் மின்னேற்றவில்லை. புதிய பேட்டரி வாங்கிப் போட்டாலும் ஓரிரு நாளில் அதுவும் படுத்துவிடும். ஆனால் சாவியைத் திருப்பும் அந்த ஓரிரு விநாடியில் காட்டும் எண்தான் எல்லாவற்றிலும் அதிகம் பேசும். அது 10 வோல்ட்டுக்குக் கீழே நன்றாக இறங்கினால், ஓய்வில் 12.6 காட்டினாலும் அந்தப் பேட்டரியை நம்ப வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: பல்மானியை ஆம்பியர் நிலையில் வைத்துக்கொண்டு பேட்டரியின் இரு முனைகளிலும் வைக்கவே கூடாது. அந்த நிலையில் அதன் மின்தடை ஏறக்குறைய சுழியம். நீங்களே ஒரு குறுக்குச் சுற்றை உண்டாக்கியவர்கள் ஆவீர்கள்.

நம் நாட்டு வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்நாடுகளில் பனிக்காலக் காலையில் பேட்டரி படுத்துவிடும் என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். நமக்குப் பனி இல்லை, ஆனால் வெப்பம் ஆண்டு முழுவதும் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை அரிக்கிறது, நீரை ஆவியாக்குகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் இங்கே பேட்டரி மாற்ற வேண்டி வருவது அதனால்தான். இதோடு, சாவியை எடுத்த பிறகும் ஓடும்படி இணைத்த டேஷ்கேம் வேறு. அது 0.3 ஆம்பியர்தான் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி. சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவுதான். தீபாவளிக்குச் சித்தப்பா காரில் ஊருக்குப் போய் ஐந்து நாள் கழித்துத் திரும்பினால், வீட்டில் நிற்கும் கார் ஏன் பேசவில்லை என்று இப்போது உங்களால் சொல்ல முடியும். காலியாகவே கிடக்கும் பேட்டரிக்குள் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகப் படிந்து அகமின்தடையைக் கூட்டிவிடும். பிறகு மின்னேற்றினாலும் பழைய தெம்பு முழுதாகத் திரும்பாது.

இந்த ஈய-அமில பேட்டரியை 1859-இல் பிரான்ஸ் நாட்டு காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். காரைக் கிளப்பும் வேலை அதற்கு வந்தது வெகு காலம் கழித்து. தொடக்கக் காலக் கார்களின் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை எலும்பு முறியும். அமெரிக்கப் பொறியியலாளர் சார்ல்ஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-இல் காடிலாக் கார்களில் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் யாராவது, "சார், தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமே" என்பார்கள். கைமுறைக் கியர் காரில் முடியும். தானியங்கிக் காரில் முடியாது. சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருப்பது எண்ணெய். அதை அழுத்தித் தர வேண்டிய பம்பை ஓட்டுவதோ அதே இன்ஜின்தான்.

உருகி எதைக் காக்கிறது?

இனி, மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சும் கதை. ஃபியூஸை உருகி என்கிறோம். அதன் வேலையையே பெயராக வைத்துவிட்ட நல்ல தமிழ்ச் சொல் அது. கார் உருகிக்குள் இருப்பது பெரும்பாலும் துத்தநாகத்தால் ஆன மெல்லிய பட்டை. துத்தநாகம் சுமார் 420 பாகை செல்சியஸில் உருகிவிடும். கம்பியில் உள்ள செம்பு உருக 1,085 பாகை வேண்டும். அளவுக்கு மேல் மின்னோட்டம் வந்தால் முதலில் போவது யார் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்த ஏற்பாடு இது.

உருகி வானொலியைக் காக்கிறது, விளக்கைக் காக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது முதலில் காப்பது கம்பியை. டாஷ்போர்டுக்குப் பின்னாலும் கம்பளத்துக்கு அடியிலும் கட்டுக் கட்டாக ஓடும் கம்பிகளில் ஒன்று சூடேறினால் பக்கத்துக் கம்பிகளின் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து இளகும். கம்பி எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்துத்தான் உருகியின் அளவைத் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார்.

கார் உருகிகளின் நிறம் அலங்காரத்துக்காக இல்லை. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. வீட்டு மூன்று முள் பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் உருகியோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 3,000 வாட். 12 வோல்ட்டில் அதே 13 ஆம்பியர் 156 வாட்தான். குறைந்த மின்னழுத்தத்தில் ஓரளவு திறன் வேண்டுமென்றாலே நிறைய ஆம்பியர் ஓட வேண்டும். அதனால்தான் 12 வோல்ட் நமக்கு மின்னதிர்ச்சி தராவிட்டாலும் தீயை மூட்டிவிடும்.

உருகி ஏன் போகிறது? ஒரு காரணம் மிகைச்சுமை. காரின் 12 வோல்ட் துளைக்கு 15 ஆம்பியர் உருகி என்றால் 180 வாட் வரைதான் தாங்கும். மூன்று வழி இணைப்பான் ஒன்றைச் செருகி, 120 வாட் காற்றடிக்கும் பம்ப், 60 வாட் குளிர்பெட்டி, மடிக்கணினிக்கு 90 வாட் என்று மாட்டினால் 270 வாட். 22.5 ஆம்பியர். உருகி சில விநாடியிலோ சில நிமிடத்திலோ அமைதியாக அறுந்துவிடும். கழற்றிப் பார்த்தால் நடுப்பட்டையில் சிறிய இடைவெளி மட்டும் தெரியும்.

மற்றது குறுக்குச் சுற்று. கார் நிறுத்தக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த 10 சென் காசு அந்தத் துளைக்குள் விழுந்துவிட்டது என்று வையுங்கள். நடுவில் உள்ள நேர்முனையையும் சுற்றுச்சுவரையும் காசு இணைத்துவிடும். மின்தடை ஏறக்குறைய இல்லை, மின்னோட்டம் எகிறும், உருகி கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து உருகும். அதன் பிளாஸ்டிக் சன்னல் உட்புறம் கருமையாகவோ வெள்ளி தெளித்தது போலவோ இருக்கும். ஆகவே எரிந்த உருகியைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். என்ன நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் கடித உறைக்குள் ஓர் உருகியைப் போட்டு வகுப்புக்குக் கொண்டுவந்தார். அவருடைய அண்ணன் வாங்கிய பழைய காரிலிருந்து எடுத்தது. சிவப்பு உருகி, அதன் இரு கால்களையும் சுற்றிச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். முன்பு வைத்திருந்தவர் யாரோ, உருகி மறுபடி மறுபடி போகிறது என்று எரிச்சலாகி, தாளைச் சுற்றி 'சரிசெய்து' விட்டார். அந்த உருகிக்குப் பின்னால் போன கம்பியின் உறை ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பேறி, விரலால் அழுத்தினால் நொறுங்கும் நிலையில் இருந்ததாம். அந்தக் காரில்தான் அண்ணன் தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வந்திருக்கிறார். அதே கணக்கை அன்று பலகையில் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம் மின்தடை. 5 மீட்டர் என்றால் 0.085 ஓம். உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை. 10 ஆம்பியரில் 8.5 வாட், 5 மீட்டருக்குப் பரவிவிடும், ஆபத்தில்லை. சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையைப் போடுகிறார் ஒருவர். இப்போது 30 ஆம்பியர் வரை உருகி கேள்வி கேட்காது. மின்னோட்டம் 3 மடங்கு, வெப்பமோ 9 மடங்கு: 76.5 வாட். நேரடியான குறுக்குச் சுற்று நடந்தால் பச்சை உருகியும் போய்விடும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் பாதிக் கோளாறுகளைப் பற்றித்தான். தண்ணீர் புகுந்த இணைப்பான், இறுகிப்போன மோட்டார் இவை 20, 25 ஆம்பியரை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும். 10 ஆம்பியர் உருகி அதைச் சில விநாடியில் நிறுத்தியிருக்கும். 30 ஆம்பியர் உருகி கடைசிவரை நிறுத்தாது.

வெள்ளித்தாளைச் சுற்றினால்? கம்பியின் முனை எங்கோ உரசி இரும்பு உடலைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு 0.085 ஓம், பேட்டரிக்கும் மற்ற இணைப்புகளுக்கும் சேர்த்து 0.015 ஓம். மொத்தம் 0.1 ஓம். 12.6 ÷ 0.1 = 126 ஆம்பியர். கம்பியில் மட்டும் 1,300 வாட்டுக்கு மேல் வெப்பம். ஓர் இஸ்திரிப் பெட்டியைக் கம்பளத்துக்கு அடியில் வைத்து ஓட்டுவதைப்போல. வகுப்பு அன்று சற்று நேரம் பேசவில்லை.

உங்களில் பதினாறு வயதைத் தாண்டிய சிலர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். எல்.இ.டி. பட்டை, பெரிய ஹார்ன் என்று மாட்டிக்கொள்ளும்போது பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கூடுதல் விளக்குகளும் ஹார்னும் சட்டத்துக்கு உட்பட்டவையா என்பதை முதலில் பாருங்கள். எதை மாட்டினாலும் அந்தக் கம்பிக்கென்று தனி உருகி வேண்டும். பேட்டரிக்கு மிக அருகில் வேண்டும். உருகிக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள கம்பியை அந்த உருகி காக்காது, அல்லவா?

உருகி எரிந்தால், சுவிட்சை அணைத்துவிட்டு அதே அளவு உருகி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மூடியின் உட்புறம் எது எதற்கு என்ற வரைபடம் இருக்கும். பல கார்களில் கழற்றுவதற்கு ஒரு சின்ன இடுக்கியும் இருக்கும். இரண்டாவதும் போனால் மூன்றாவதைப் போடாதீர்கள். அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம், அது முகப்பு விளக்கு, துடைப்பான் போன்றவற்றின் உருகியாக இல்லாதவரை. கழற்றாமலேயே சோதிக்கவும் வழி உண்டு. உருகியின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். சுற்றை இயக்கிவிட்டு, பல்மானியின் கருப்பு முனையைக் காரின் உலோக உடலில் வைத்து, சிவப்பால் இரண்டையும் தொடுங்கள். இரண்டிலும் 12 என்றால் நலம். ஒன்றில் 12, மற்றதில் 0 என்றால் நடுவில் அறுந்துவிட்டது.

கை வைப்பதற்கு முன்

பேட்டரி வேலைகளைப் பெரியவர் ஒருவரோடு செய்யுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது. நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் உடலைத் தொட்ட மறுகணம் தீப்பொறி பறக்கும். எதிர்முனையைக் கழற்றிவிட்டால் சுற்றே இல்லை.

இன்னொரு காரிலிருந்து ஜம்பர் கம்பியால் கிளப்பும்போது, சிவப்பை முதலில் படுத்த பேட்டரியின் நேர்முனையிலும் பிறகு நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்டுங்கள். அடுத்துக் கருப்பை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டுங்கள். கடைசிக் கவ்வி போக வேண்டிய இடம் படுத்த காரின் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதி, பேட்டரியைவிட்டுத் தள்ளி. கடைசி இணைப்பில்தான் தீப்பொறி வரும். பேட்டரியைச் சுற்றியோ ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய பழக்கம் ஒன்று இருக்கிறது. இன்றைய கார்களில் உள்ள கணினிகளை அது கெடுத்துவிடும். யாராவது செய்யப் போனால் தடுத்துவிட்டு, பல்மானியை நீட்டுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

1. ஒரு பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிறது. ஸ்டார்ட்டர் 120 ஆம்பியர் எடுக்கும்போது 10.8 வோல்ட். அகமின்தடை எவ்வளவு? இதே பேட்டரியில் 0.4 ஆம்பியர் விளக்கு எரியும்போது முனை மின்னழுத்தம் என்ன?

2. முகப்பு விளக்குகள் இரண்டு, ஒவ்வொன்றும் 55 வாட். 35 ஆம்பியர்-மணி பேட்டரி முழுமையாக மின்னேறியிருக்கிறது. விளக்கை அணைக்க மறந்துவிட்டுத் திரைப்படம் பார்க்கப் போனவர் இரண்டரை மணி நேரம் கழித்து வருகிறார். எத்தனை ஆம்பியர்-மணி மிஞ்சியிருக்கும்? கார் கிளம்புமா, இல்லையா என்று உறுதியாகச் சொல்ல உங்களுக்கு வேறு என்ன விவரம் தேவை?

3. ஒரு காரில் ஓய்வில் 12.6 வோல்ட். சாவியைத் திருப்பும்போது 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். பேட்டரி முனையில் 12.4 வோல்ட், கூரை விளக்கு மங்கவில்லை. மூன்று ஆண்டு ஆன பேட்டரி, மாற்றிவிடுங்கள் என்கிறார் ஒருவர். நீங்கள் அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? எந்த இரண்டு இடங்களில் பல்மானியை வைத்து அடுத்த அளவீட்டை எடுப்பீர்கள்?